கடைசி நர்ஸ்

மற்ற நர்ஸ்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். இருதயம்மாள் மட்டும்தான் பாக்கி.

புராஜெக்ட்டைக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். பட்டியலில் அவள் பெயரையும் கொடுத்தாயிற்று; அவள் பேட்டி இல்லாமல் சார் வாங்கமாட்டார். அவர் வாங்காவிட்டால் ரூபிக்கு டிகிரி கிடையாது.

'தில்லியில் தமிழ் நர்ஸ்கள்' என்று தலைப்பு வைத்தபோது, இதைவிடச் சுலபமான புராஜெக்ட் உலகத்திலேயே இல்லை என்று ரூபி நினைத்தாள். வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறாள், பெற்ற அம்மாவாகவே.

அந்த அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

நைட் ட்யூட்டி என்றாள். தலைவலி என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்றாள். பூசை முடிந்ததும் நேரே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள், முருங்கைக்காய் வாங்க.

முன்பின் தெரியாத நர்ஸ்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே தங்கள் கதையைக் கொட்டியிருந்தார்கள்.

இன்று ரூபி சமையலறை வாசலை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்து மாவுச் சட்டியில் சாய்த்து வைத்தாள்.

"தில்லிக்கு ஏன் வந்த? ஜல்தி சொல்லும்மா."

"வேலைக்கு."

"அச்சா. ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லையாக்கும்?"

"வேலைக்குன்னு எழுதிக்கோட்டி. உன் சாரு வந்து பாக்கவா போறாரு?"

ரூபிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒற்றை வார்த்தைப் பதிலை எழுதிக்கொண்டு போனால் சார் தாளைத் திருப்பி எறிவார். தோண்டித் தோண்டிக் கேள் என்பார். மூன்று வருஷப் படிப்பு, முருங்கைக்காய் நறுக்கும் இந்த ஒருத்தியின் வாயில் தொங்குகிறது.

"உண்மையச் சொல்ல உனக்கு என்னம்மா கஷ்டம்? என் படிப்பு போனாலும் பரவாயில்லையா?"

கத்தி நின்றது.

"நீ வயித்துல இருந்த. எனக்குக் கல்யாணம் ஆகல. ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி ரயில் ஏறிட்டேன்."

கீழே தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டே போனார்.

தான் பிறக்கும் முன்பே விபத்தில் செத்துப்போனதாக அம்மா சொல்லி வந்த அப்பாவைப் பற்றி ரூபி ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "போதுமாட்டி, உன் சாருக்கு?"

ரெக்கார்டரில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரூபி போனை எடுத்தாள். நிறுத்தினாள். பதிவானதை அழித்தாள்.

"சே, ரெக்கார்டே ஆகலம்மா" என்றாள்.