மூன்றாம் மாடிக்கு ஒரு துண்டுச்சீட்டு

"இன்னும் சரியா இருபத்தாறு மணி நேரம், ஜானட். நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்கு சாமான் வந்துடும்னு போன்ல போட்டுகீது. அப்புறம் நீ இந்தப் படி ஏறவே வாணாம்."

அடைக்கலமேரி இதை நல்ல சேதியாகத்தான் சொன்னாள். ஜானட்டின் கையிலிருந்த துண்டுச்சீட்டு கசங்கியது.

"இன்னா சாமான், ஆன்ட்டி?"

"காத்தோட அழுத்தத்த அதுவே பாத்துச் சொல்ற சில்லு. நகத்தளவுதான் இருக்குமாம். உனக்காவத்தான் வாங்குனேன் கண்ணு."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான் சாவியோ, மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல். "இப்ப எல்லாம் நல்லாத்தான ஓடிகினு கீது."

"உனக்கு நல்லாத்தான் ஓடும். மூணு மாடி ஏறுறது அவ."

காலடிப்பேட்டையில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஜானட் குடும்பம். மூன்றாம் மாடியில் அடைக்கலமேரியும் மகன் சாவியோவும். எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சாவியோவுக்கு விமானப் பைத்தியம். மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாவை நட்டு, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்திருந்தான். தலைக்கு மேலே போகும் விமானங்கள் அனுப்புகிற தகவலை அது பிடித்து, எது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று கணினியில் காட்டும்.

அந்த உயரத்தில்தான் கோளாறு. விமானம் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. அதுவும், கடல்மட்டத்தில் அழுத்தம் என்றைக்கும் 1013 மில்லிபார்தான் என்று வைத்துக்கொண்டு. ஊரில் அழுத்தம் குறைந்திருந்தால், உள்ளதைவிட உயரமாகக் காட்டும். ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய இருபத்தேழு அடி. டிசம்பர் புயலின்போது நானூறு அடி வித்தியாசம்.

இதை அவனுக்குச் சொன்னதே ஜானட்தான். ஏழு மாதத்துக்கு முன்பு, துணி காயவைக்க வந்த இடத்தில், இயற்பியல் படித்த தைரியத்தில் சொல்லிவிட்டாள்.

"அப்போ இன்னிக்கி அழுத்தம் இன்னான்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டான்.

அவள் வீட்டுச் சுவரில் முள் வைத்த ஒரு காற்றழுத்தமானி இருந்தது. உடைத்த இழுவைப்படகு ஒன்றிலிருந்து அப்பா கொண்டுவந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு துண்டுச்சீட்டில் எண் எழுதி எடுத்துக்கொண்டு ஏறுவாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, கைபேசியை எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மீதிப் படிகளை ஏறுவாள்.

அவன் அந்த எண்ணைக் கணினியில் தட்டுவான். மார்ச்சில் காய்ச்சலோடு வந்த அன்று 1009 என்பதை 1019 என்று எழுதிவிட்டாள். அவன் ஒன்றும் கேட்காமல் 1009 என்றே தட்டினான்.

பத்து நிமிடம் இருப்பாள். விமானத்தைத் தவிர வேறு எதையும் அவர்கள் பேசியதில்லை. சீட்டு இல்லாமல் மேலே வர அவளிடம் வேறு காரணமும் இல்லை.

"இன்னிக்கி எவ்ளோ?" என்று கேட்டான் சாவியோ.

"ஆயிரத்து அஞ்சு."

"எட்டு கம்மி. இருநூத்துப் பதினாறு அடி. இத பாரு, சிங்கப்பூர் பிளைட்டு மூவாயிரத்து இருநூறுன்னு காட்டுது. நெசமா மூவாயிரம்கூட இல்ல."

அவள் தலையாட்டினாள். அன்று சீக்கிரமே இறங்கிவிட்டாள்.

மறுநாள் சாமான் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. கடைசிச் சீட்டோடு ஜானட் மொட்டைமாடிக்கு ஏறியபோது, பெட்டியின் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சாவியோவிடம் அடைக்கலமேரி ஸ்குரூ டிரைவரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மாட்டுடா."

"அப்பால மாட்டிக்கலாம்மா. காத்து அடிக்குது."

"நாப்பது டன்னு பொட்டிய அந்தரத்துல தூக்குறவன், நகத்தளவு சில்ல மாட்ட காத்து பாக்குறியா? தள்ளு. ஜானட், நீ படிச்ச பொண்ணு. நீ தொற."

"ஜானட், வாணாம்..." என்றான் சாவியோ. அதற்குள் நாலு திருகாணியும் கழன்றுவிட்டன. மூடியைத் தூக்கினாள்.

அடைக்கலமேரி உள்ளே எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த புதுச் சில்லைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள்.

"இன்னாடா இது? இதே மாரி ஒண்ணு உள்ள குந்திகினு கீது?"

அது எது என்று ஜானட்டுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒழுங்காகப் பற்றவைத்த கம்பிகள். மேலே ஒரு விரல் தூசி. சாவியோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே விமானம் எதுவும் இல்லை.

"எப்போடா மாட்டுனே?"

"கிறிஸ்மஸுக்கு முந்தி."

"கிறிஸ்மஸா? அப்போ அஞ்சு மாசமா இந்தப் பொண்ண எதுக்குடா தெனம் மேல..." அடைக்கலமேரி பாதியில் நிறுத்தினாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு புதுச் சில்லை மெதுவாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தப்புதான், ஜானட்," என்றான் சாவியோ தரையைப் பார்த்து. "சும்மானாச்சும் ஏற வெச்சுட்டேன். நாளைலேருந்து நீ வர வாணாம்."

கீழே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. அவை ஓயட்டும் என்று ஜானட் காத்திருந்தாள். கையிலிருந்த சீட்டை நீவி, வழக்கம்போல மடிக்கணினியின் மேல் வைத்தாள்.

"எங்க வூட்டு முள்ளு புயல் அன்னிக்கே நின்னுபோச்சு. அப்பலேருந்து ரெண்டாவது மாடியில நின்னு, போன்ல பாத்துத்தான் எழுதிகினு வரேன்."