கையுறை போடாத கை

"கையுறை போடாம இந்தத் தாளைத் தொட்டது யாரு?"

முதலாளி மோகன்குமார் போட்ட சத்தத்தில், பரமத்தி ரோட்டுத் தீவனக் கம்பெனியின் லேப்பே அதிர்ந்தது. அவர் தூக்கிப் பிடித்த வெள்ளைத் தாளின் மூலையில், ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

கோழித் தீவனத்தின் புரதச் சத்தைச் சோதிக்கிற தாள் அது. மருந்து தெளித்துச் சூடு காட்டினால் அமினோ அமிலம் உள்ள இடமெல்லாம் ஊதாவாகும். மனுசன் வேர்வையிலும் அந்தச் சனியன் இருக்கிறதே! வெறுங்கை பட்டால் சோதனை பாழ்.

"நான் தொடவே இல்லீங்க சார்," என்றாள் ஜெயப்பிரியா, கண் கலங்க.

"நீ தொடாம, பேயா வந்து தொட்டுச்சு? நாளையிலிருந்து வேலைக்கு வராத."

லேப்பில் மூத்தவளான கோகிலவாணி எழுந்து வந்தாள். மூன்று வருசமாகக் காலியாகக் கிடந்த அவளுடைய எதிர் மேசைக்குப் போன மாதம்தான் இந்தப் பெண் வந்தாள். வீட்டில்தான் பேச ஆளில்லை, இங்கேயாவது "சாப்டீங்களாக்கா?" என்று கேட்க ஒரு வாய் இருந்தது. அதுவும் போனால், மறுபடி சுவரைப் பார்த்துத்தான் டப்பாச் சோற்றைத் தின்ன வேண்டும்.

"சித்தெ இருங்க சார், அதை இப்படிக் குடுங்க."

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரேகையின் குறுக்கே, பிளேடு கிழித்த பழைய தழும்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"சாமி, உன்ற கையக் காட்டு," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

ஜெயப்பிரியாவின் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

புதுத் தாள் வந்து சேராததால், அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய தாள்கட்டு ஒன்றை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். அதிலிருந்து அடுத்த தாளை இடுக்கியால் உருவி, மருந்தடித்துச் சூடு காட்டினாள் கோகிலவாணி. அதே மூலை, அதே விரல், அதே தழும்பு.

"பாத்தீங்களா? இந்தப் புள்ள மேல தப்பே இல்லீங்க."

"அப்பறம் யாரு? ஆளைச் சொல்லுங்க, இன்னைக்கே சீட்டைக் கிழிச்சர்றேன்!"

கையுறை போடாததற்காக எத்தனையோ பேரைத் திட்டிய கோகிலவாணி, தன் கையுறையைக் கழற்றினாள். அந்த ஊதா ரேகையின் மேல் வெறும் விரலை வைத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அந்த எதிர் மேசையில இருந்த எங்க ஊட்டுக்காரர் வெரலுங்க இது. அவரு போய்ச் சேந்து மூணு வருசமாச்சே!"