ஆன்டெனாவை இறக்கிய பிறகு

கிரிசாந்தோ தன் ரேடியோ மைக்கில் பேசினால், அவனுடைய ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி பக்கத்திலுள்ள என் ரிசீவரைக் கருக்கிவிடும். அதனால் ரிசீவருக்குப் போகும் ஒயரில் சின்ன பல்ப் ஒன்றைக் கோத்திருந்தேன். சக்தியை அது வாங்கிக்கொண்டு எரியும்.

புயலுக்குப் பயந்து அவனுடைய ஆன்டெனாவை இறக்கி, டிரான்ஸ்மிட்டரையும் மூட்டை கட்டிவிட்டோம். புயல் எங்கள் ஊரான விராக்கை எப்போது தொடும் என்று என் ரிசீவர்தான் சொல்ல வேண்டும்.

"காபி இருக்கா மச்சான்?" என்றான் கிரிசாந்தோ. பல்ப் எரிந்து அணைந்தது.

"இன்னொரு தடவை பேசு."

"ஏன், பாடவா?"

இன்னும் பிரகாசமாக எரிந்தது.

"வாயை மூடுடா. பல்ப் போச்சுன்னா ரிசீவரும் போச்சு."

சிரித்தபடி வாயைப் பொத்தினான். பல்ப் அணைந்தது. ரிசீவரில் புயல் செய்தி வரவில்லை. ஒரு பெண் குரல் வந்தது.

"தெளிவாக் கேக்குது. ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க."

கிரிசாந்தோ மெதுவாகக் கையை எடுத்தான்.