தாலிக்கு மட்டும் விலக்கு

வாசல் கதவு வீறிட்டு அலறியது. பதிவு செய்யாத தங்கம் உள்ளே இருந்தால், அரசாங்கம் மாட்டிவிட்ட அந்தக் கதவு அப்படித்தான் அலறும்.

தாரணி பதறவில்லை. வெளிநாட்டு வங்கிகள் கவிழ்ந்து, திருப்பூரில் பனியன் ஆர்டர்கள் நின்று, நாட்டின் கடன் கழுத்தை நெரித்தபோது, வீட்டுத் தங்கத்தையெல்லாம் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. தாலிக்கு மட்டும் விலக்கு. அதனால்தான், தையல் மிஷினில் இடுப்பொடிய உழைத்துச் சேர்த்த வளையல், சங்கிலி அத்தனையையும் உருக்கி, முப்பது பவுனில் ஒரே தாலிக்கொடியாகப் போட்டுக்கொண்டாள். மகளின் படிப்பும் கல்யாணமும் அவள் கழுத்தில்தான் தொங்கின. மாட்டுக் கயிறாட்டம் இருக்கிறதென்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பதிவு வேலையைக் கணவன் நவநீதன் முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தான்.

உள்ளே வந்த பெண் அதிகாரி, கருவியைத் தாரணியின் கழுத்தருகே நீட்டினாள்.

“இது தாலிங்க மேடம். இதுல கை வைக்க முடியாதுங்களே!” என்றாள் தாரணி, கொஞ்சம் மிடுக்காகவே. “உங்க கதவுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்குது.” கணவன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நீங்க பதிஞ்சதைக் காட்டுங்க.”

நவநீதன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதிகாரி கையிலிருந்த திரையைப் பார்த்தாள். அவனையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒரு புருஷனுக்கு ஒரு தாலிதானுங்கக்கா விலக்கு. இவரு பேர்ல போன வருசமே ஓசூர்ல ஒரு தாலி பதிவாயிருக்குதுங்களே!”