கிளிப்பச்சைக் கரை

பட்டறைக் குழிக்குள் இருவரும் அண்ணாந்து நின்றார்கள். தலைக்கு மேல் காரின் அடிவயிறு. பெட்ரோல் ஃபில்டரை மாற்ற வேண்டும். அதைக் குழாயோடு இணைக்கும் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. ஃபில்டர் சுழலாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வதும் நட்டைத் துணியால் பொத்துவதும் மெர்லினின் வேலை. திருகுவது அவள் கணவன் எட்வின். வேலைக்கு வந்த ஆட்கள் யாரும் அவனிடம் நிலைத்ததில்லை.

“துணிய இறுக்கிப் பொத்திப் பிடிட்டி. லைன்ல பெட்ரோல் முட்டிட்டு நிக்கு. கண்ணுல அடிச்சா போச்சு.”

நேற்றுவரை அந்தத் துணி ஒரு சேலை, கிளிப்பச்சைக் கரை வைத்தது. அவனிடம் கேட்காமல் அதைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். காலையில் அவள் கண்ணெதிரே கத்தரியால் வெட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

ஸ்பேனர் வழுக்கி எட்வினின் விரல்முட்டி தோலுரிந்தது. அதே ஸ்பேனரால் அவள் விரல்களில் ஒரு போடு போட்டான்.

“ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?”

அவள் பிடியை விடவில்லை.

அவன் முகத்தை நட்டுக்கு அருகில் கொண்டுபோய், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினான். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது.

“வருது” என்றான்.

மெர்லின் துணியை உருவினாள்.

“துணி எங்கட்டி?” திருகிய வேகத்தில் அவன் கை நிற்கவில்லை.

“புதுச் சேலைல்லா” என்றாள். கரை மேலே தெரியும்படி அதை மடித்துக்கொண்டிருந்தாள்.