பேஸ்ட் மூடி

காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். பேஸ்டுக்கு மூடி இல்லாததால் முனையில் காய்ந்திருப்பதைக் கிள்ளி எறிகிறேன். பால் காய்ச்சுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு செபாஸ்டியனும் உத்தமனும் வருகிறார்கள். என் மனைவி சாராள் இறந்த பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். கேரம் பலகையின் பின்புறத்தில் செபாஸ்டியன் சாக்பீஸால் வரைந்த குகை கலையாமல் இருக்கிறது. அவன் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு வீரராகிப் பகடை உருட்டி அதற்குள் நடப்போம். உத்தமனின் மந்திரவாதி ஒரு சட்டைப் பொத்தான். சாராளின் வாள்வீராங்கனை அந்தப் பேஸ்ட் மூடி. அது குகைக் கதவின் முன்னால் நிற்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுகிறது. "ஒருவாட்டி ஆட்டத்துல டிராகன் ஊட்டு வாசல்ல செருப்பக் கழட்ட வெச்சு, நம்ம எல்லார் காலையும் பொசுக்கிட்டாங்களே அண்ணி," என்று சிரிக்கத் தொடங்கிய உத்தமன் பாதியில் நிறுத்துகிறான். செபாஸ்டியன் மூடியின் பக்கம் விரலை நீட்டுகிறான். "இன்னா மச்சான் பண்லாம்? அண்ணியோட ஆள எடுத்துடவா? இல்ல, அவங்க இங்கயே நிக்கட்டும், நாம கதவத் தொறந்துகினு போலாமா?" பகடை என் கையில் இருக்கிறது. கடைசி ஆட்டத்தன்று மூடி இதே கதவின் முன்னால் நிற்கும்போதுதான் சாராள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டோவில் மயங்கியவள் பிறகு பேசவே இல்லை. பகடையை உருட்டாமல் கீழே வைக்கிறேன். ஆட்டோவில் ஏறும் முன் அவள் எங்கள் மூவரையும் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் அந்தக் கதவத் தொறக்காதீங்க. மொதல்ல தட்டணும்னுகூட ஒங்களுக்குத் தெரியாது."