கெட்ட நெறிக்கட்டி

தார்ப்பாயில் மூஸ் மானின் பின்னந்தொடை கிடக்கிறது. ஏரிக்காற்று கறி வாட்டும் புகையை எங்கள் முகத்தில் அடிக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கு வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை முடித்து வந்திருக்கும் டெல்ஃபின் கத்தி தீட்டுகிறாள். "கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னாங்கல்லக்கா," என்கிறாள் தங்கை மார்லா. "கத்தி என்னடி கனம்?" தொடை மடிப்பில் விரலை நுழைத்து, கறி நல்லதா என்று நாங்கள் எப்போதும் பார்க்கும் நெறிக்கட்டியைத் தோண்டியெடுத்து, வெயிலில் பிளக்கிறாள். உள்ளே சீழ். மார்லா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அக்கா உடம்பில் எடுத்த நெறிக்கட்டிகளிலும் ஒன்றில் நோய் பரவியிருந்தது. புற்று எவ்வளவு பெரிது, வெட்டிய விளிம்பு சுத்தமா, நெறிக்கட்டியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆயுளைச் சொல்வார்களாம். "டாக்டரும் இப்படித்தான்டி மூஞ்சியத் தொங்கப்போட்டாரு." சீழைச் சுற்றி அகலமாக அறுத்து நெருப்பில் எறிகிறாள். சதை சீறிப் பொசுங்குகிறது. மிச்சத் தொடை சிவப்பாகப் பளபளக்கிறது. "இந்த ஒண்ணுக்காக முழு மூஸையும் தூக்கிப் போட்டுடுவோமா?" மார்லா இல்லையென்று தலையாட்டுகிறாள். "அப்புறம் என்னைப் பாத்து மட்டும் எதுக்குடி அழுவுற? திங்கக்கிழமை கதிர்வீச்சுக்குப் போகும்போது கறி கொண்டுபோவணும். அந்தப் பாத்திரத்த இங்க தள்ளு."